நாகப்பட்டினத்தோடு ஓர் இரட்டை நகர் உறவு: சிங்கப்பூர்ச் சங்கங்களுக்கான வழிகாட்டி

இங்கிலாந்தின் பூல், பிரான்சின் செர்பூர் இரண்டும் ஆங்கிலக் கால்வாயின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கின்றன. 1977 முதல் அவை இரட்டை நகரங்கள், அதாவது மக்கள் மாறி மாறி வந்துபோக உறவு ஏற்படுத்திக்கொண்ட இரு நாட்டு நகரங்கள். இப்படிப்பட்ட உறவுகளில் சாசனத்தில் கையெழுத்திடுபவர்கள் மேயர்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்துச் செல்வதோ உள்ளூர்ச் சங்கங்கள். விருந்தாளிகள் பெரும்பாலும் வீடுகளில்தான் தங்குவார்கள். பயணச் செலவு வருகிறவருடையது, சாப்பாடும் படுக்கையும் வீட்டுக்காரருடையது. அடுத்த முறை அதுவே தலைகீழாகும். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கையெழுத்துக்கு இங்குள்ள நகர மன்றங்களை நம்பாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைகளைப் பராமரிப்பதுதான் அவற்றின் வேலை. சங்கத்துக்கும் சங்கத்துக்குமான உறவாகவே தொடங்குங்கள். புதிதாகக் கூடும் குழுவில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் சங்கமாகப் பதிய வேண்டும். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் துணைக்குழுவாக இயங்குவது எளிது.

அந்தக் காலத்துப் பயணிகள் கப்பலான ரஜுலா நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வந்தது. இங்கே தெலுக் ஆயர் தெருவில் 1828-30இல் எழுந்த நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. முதல் சந்திப்பில் பேச இது போதும், மூன்றாவது சந்திப்புக்குப் போதாது. அதற்கு ஒரு பள்ளியோ மீனவர் அமைப்போ வேண்டும்.

குழுவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர், ஐந்து இரவு. அதற்கு மேல் போனால் வீடு கிடைக்காமல் விடுதிக்குப் போவீர்கள். அத்தோடு அது சுற்றுலா ஆகிவிடும்.

பலரும் சறுக்குவது நாள் குறிப்பதில்தான். நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறை நமக்கு வசதி. நாகையில் அது புயல் காலம். ஜூன் விடுமுறை நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாகையின் மீனவர் ஊரான அக்கரைப்பேட்டையில் படகுக்கு வண்ணம் அடிப்பார்கள், வலை செப்பனிடுவார்கள். ஆற அமரப் பேச ஆள் கிடைக்கும். மீன் ஏலத்தின் இரைச்சலைக் கேட்க ஆசையென்றால் தடை முடிந்த பிறகு போங்கள். அங்கு பள்ளிகள் வழக்கமாக ஜூனில் திறந்துவிடுவதால் நம் பிள்ளைகள் வகுப்பில் உட்காரலாம். மே மாதத்தில் அவர்கள் விடுமுறையில் வந்தால் இங்கு பள்ளி நடந்துகொண்டிருக்கும். விடுமுறைகள் ஒத்துப்போகாததைக் குறையென்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பள்ளி முதல்வரின் அனுமதியை மட்டும் முன்கூட்டியே வாங்குங்கள்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து நாகைக்குச் சாலை வழி சுமார் 145 கிலோமீட்டர். இரவில் வந்திறங்கும் விமானமென்றால் தஞ்சாவூரில் தங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழோடு போகிறவர் எந்த வீட்டில் தங்கினாலும், அந்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (‘படிவம் சி’ என்று அறியப்பட்டது) இணையத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். ஓட்டலுக்கு மட்டும்தான் இந்த விதி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நாகையிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. வருகைக்கு முந்தைய 30 நாள்களுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், தேதி மாற்ற இடமில்லாத மலிவுப் பயணச்சீட்டை வாங்காதீர்கள். இங்கே தங்க வைப்பவர் ஒரு வெள்ளிகூட வாடகை வாங்கக் கூடாது: வீவக வீட்டில் ஆறு மாதத்துக்கும் தனியார் வீட்டில் மூன்று மாதத்துக்கும் குறைவான வாடகை சட்டவிரோதம்.

பணம் அனுப்புவது தனித் தலைவலி. அங்குள்ள பள்ளிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் உரிமம் வேண்டும். நிகரத் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. வாங்கும் அமைப்புக்கோ இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டும் பணத்தைத் தொடாமலிருப்பதே நல்லது. கொடுப்பவர், வாங்குபவர் என்றாகிவிட்டால் விருந்து சமமாக நடக்காது.

சாசனத்தை இரு பக்கமும் ஒரு முறை வந்து போன பிறகு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: யார் எந்த மாதம் வருவது, எந்தச் செலவு யாருடையது, இரு தரப்பிலும் பொறுப்பாளரும் அவர் விலகினால் மாற்று ஆளும் யார், மூன்று ஆண்டுக்குப் பிறகு புதுப்பிப்பதா விடுவதா.