கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கிறிஸ்துமஸ் அன்று போகாதீர்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகளில் ஒருவராவது ஒவ்வொரு டிசம்பரிலும் போன் செய்து, "அண்ணா, 25ஆம் தேதி சந்தை பார்க்க நியூரம்பர்க் டிக்கெட் போட்டுட்டேன்" என்கிறார். கேட்டதும் வயிற்றைப் பிசைகிறது. ஸ்வெட்டர் எடு, பர்ஸைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஊர்ச் சதுக்கத்தில் கடை போடும் அந்தக் கிறிஸ்துமஸ் சந்தை 25ஆம் தேதி இருக்காது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதையும், அங்கே போகிறவர்கள் செய்யும் வேறு சில தவறுகளையும் சொல்கிறேன்.

பண்டிகை நாளில் போய் நிற்பது

என் முதல் குளிர்காலத்தில் நானும் இதையே செய்தேன். லீவு சேர்த்துவைத்து, வருடத்திலேயே விலை அதிகமான நாளில் ரயிலும் ஹோட்டலும் பதிவுசெய்து, 24ஆம் தேதி மாலை மனைவி, மகளோடு நியூரம்பர்க் பெரிய சதுக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைகள் வரிசையாக இருந்தன. எல்லாக் கடையும் பலகை போட்டு மூடிக் கிடந்தது. ஒருவர் மட்டும் மின்கம்பியைத் தோளில் சுற்றிக்கொண்டிருந்தார். மரப்பலகைகளில் பட்டை, கிராம்பு வாசனை இன்னும் போகவில்லை. "லைட்டெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டாள் மகள்.

அங்கே 24ஆம் தேதி மதியம் 2 மணியோடு சந்தை முடிந்துவிடும். சூப்பர் மார்க்கெட்டுகளும் ஏறக்குறைய அதே நேரத்தில் மூடிவிடும். 25, 26 இரண்டுமே அரசு விடுமுறை. ரயில் நிலையக் கடையில் வாங்கிய ரொட்டியும் வாழைப்பழமும்தான் எங்கள் கிறிஸ்துமஸ் விருந்து. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. கடைசி நாள் எது என்று டிக்கெட் போடும் முன் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

இந்தச் சந்தை பண்டிகைக்கு முந்தைய காத்திருப்புக் காலமான அட்வென்ட்டுக்கு உரியது. நியூரம்பர்க்கில் முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று, பொன்னிறக் கூந்தலும் கிரீடமுமாக, பரிசு கொண்டுவரும் தேவதை போன்ற 'கிறிஸ்ட்கிண்ட்' வேடமிட்ட இளம்பெண் தேவாலய மாடத்திலிருந்து கவிதை சொல்லித் தொடங்கிவைப்பார். 1434இல் தொடங்கிய டிரெஸ்டன் சந்தையும் 24ஆம் தேதியோடு சரி. அன்று மாலை வீட்டில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசுகளைப் பிரிக்கும் நேரம், தெருவில் ஆளிருக்காது. தீபாவளி அன்று மதியம் துணிக்கடைக்குப் புடவை எடுக்கப் போவது போலத்தான் இதுவும்.

பெர்லினில் சில சந்தைகள் வருடக் கடைசிவரை நடக்கும். அதை நம்பிப் போவதானாலும் தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கார்டை மட்டும் நம்பிப் போவது

வேண்டாம். சில்லறை எடுத்துப் போங்கள்.

கோப்பை டெபாசிட்டை மறப்பது

க்ளூவைன் எனும் சூடான மசாலா ஒயினுக்கு வாங்கும் பணத்தில் கோப்பைக்கான டெபாசிட்டும் சேர்த்தி. திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். பிடித்திருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

குழந்தைக்கு என்று சொல்லாமல் வாங்குவது

குழந்தைகளுக்கான சூடான பழச்சாறு பானத்தை 'கிண்டர்புன்ஷ்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதில் மது கிடையாது.

இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்குவது

குளிர் கல்தரையிலிருந்துதான் ஏறும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். கொஞ்சம் தளர்வான ஷூ, ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போதும். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்துவிடும். க்ளூவைன் தரும் கதகதப்பையும் நம்பாதீர்கள். மது தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால் உடல் சூடு வெளியேறிவிடும்.

அடுத்த வருடம் டிசம்பர் முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமை போனோம். மூன்றரை மணிக்கே சதுக்கத்தில் இருந்தோம். நான்கரை மணிக்குள் இருட்டி, விளக்குகள் எரியத் தொடங்கின. அலுவலகக் கூட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. விரல் நீளச் சாசேஜ் மூன்றை அடக்கிய பன்னைக் கையுறையோடு பிடித்தபடி மகள் ஒவ்வொரு கடையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.