ஒரு பத்தியின் தொனியைக் கண்டுபிடிப்பது எப்படி?

"ஆசிரியரின் தொனியையும் நடையையும் விளக்குக" என்று கேட்டால், பலரும் கதைச்சுருக்கத்தை எழுதி வைத்துவிடுகிறார்கள். என்ன நடந்தது என்பது வேறு, அதை எந்தக் குரலில் சொன்னார் என்பது வேறு. சொல்பவருக்கு அந்த விஷயத்தின் மேல் இருக்கும் மனநிலைதான் தொனி. அவர் எடுத்தாளும் சொல், வாக்கிய நீளம், உவமை எல்லாம் சேர்ந்தது நடை. நடையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் தொனிக்குப் போய்ச் சேர முடியும்.

பயிற்சிக்காக ஒரு சிறு பத்தியை நானே எழுதியிருக்கிறேன்:

"பெரியவர் வாசலை விட்டு நகரவே இல்லை. மகன் வந்தானாம். பணம் கேட்டானாம். போய்விட்டானாம். கதவு மட்டும் திறந்தே கிடந்தது."

படி 1: வாய்விட்டுப் படியுங்கள்

முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை ஓசைக்காக. நடுவில் உள்ள மூன்று வாக்கியங்களும் இரண்டு சொல், இரண்டு சொல், ஒரு சொல் என்று சுருங்கிக்கொண்டே போகின்றன. அப்பாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: வினைமுற்றின் கடைசியைப் பாருங்கள்

தமிழில் சொல்பவரின் மனம் பெரும்பாலும் வினையின் வாலில் உட்கார்ந்திருக்கும். 'வந்தானாம்' என்பதை 'வந்தான்' என்று மாற்றிப் படியுங்கள். உடனே நேரில் பார்த்தவர் சாட்சி சொல்வது போல ஆகிவிடுகிறது. அந்த 'ஆம்' இருக்கும்போது, இது காதில் விழுந்த செய்தி. மூன்று முறை அடுக்கி வரும்போது அதில் ஒரு மனத்தாங்கலும் ஏறிவிடுகிறது. 'வந்தாராம்' என்று மாற்றினால்? மரியாதையாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். எது என்று முன்பின் வரிகள்தான் சொல்லும். இப்படி ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை: மகனை 'ஆன்' விகுதியில் சொன்னதாலேயே வெறுப்பு என்று முடிவு கட்டாதீர்கள். இளையவரைச் சொல்லும் வழக்கமான முறையாகவும் அது இருக்கலாம்.

படி 3: சின்னச் சொற்கள்

'கதவு திறந்து கிடந்தது' என்பது வெறும் தகவல். 'மட்டும்', 'திறந்தே' இரண்டும் சேர்ந்ததும் அது காத்திருப்பாகிவிடுகிறது. 'ஏங்கினார்' என்று எங்கும் எழுதவில்லை, பாருங்கள்.

படி 4: பெயர் வையுங்கள்

'சோகம்' என்று மட்டும் எழுதினால் போதாது. சொல் கிடைக்கவில்லையென்றால் தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது வெளிப்படும் உணர்ச்சிகளில், தொடங்கலாம்: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). நம் பத்தியில் இருப்பது அழுகை. ஆனால் அடக்கப்பட்டது, கொஞ்சம் வெகுளி கலந்தது. அப்படியே எழுதுங்கள்.

படி 5: விடையாக்குங்கள்

தொனியின் பெயர், அதற்குச் சான்றான சொல், அந்தச் சொல் செய்யும் வேலை. மூன்றும் வர வேண்டும். உதாரணமாக: "தொனி அடக்கிய வருத்தம். மும்முறை வரும் 'ஆம்' மகனின் வருகையைக் கேள்விப்பட்ட செய்தியாகத் தள்ளிவைக்கிறது. 'திறந்தே' என்ற சொல் தந்தையின் காத்திருப்பைக் காட்டுகிறது."

அப்புறம், விடையில் 'ஆசிரியர் வருந்துகிறார்' என்று எழுதும் முன் யோசியுங்கள். 'வந்தானாம்' என்று சொல்லும் குரல் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். அப்போது வருத்தமும் கோபமும் அந்தக் கதைசொல்லியுடையவை.