லண்டன் – டோக்கியோ: வான்தொலைவையும் பறக்கும் நேரத்தையும் கணிப்பது எப்படி?

இரு நகரங்களுக்கு இடையிலான வான்தொலைவைத் தட்டையான உலகப் படத்தில் கோடு போட்டு அளக்கக் கூடாது. அப்படத்தில் லண்டனையும் டோக்கியோவையும் இணைக்கும் நேர்கோடு கஜகஸ்தான், சீனா வழியாகச் செல்லும். ஆனால் பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ஸ்காண்டிநேவியாவைத் தொட்டு, சைபீரியாவின் வடபகுதி வழியாக வளைந்து இறங்கும். இந்தப் பெருவட்டப் பாதையே மிகக் குறுகியது.

கணக்கிட, இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள் போதும். லண்டனின் ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45 பாகை, டோக்கியோவின் ஹனேடா வடக்கு 35.55, கிழக்கு 139.78 பாகை. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கிக்கொள்ளுங்கள். அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வேறுபாடான 140.23 பாகையின் கோசைனாலும் பெருக்கி, முன்னதோடு கூட்டுங்கள். கிடைக்கும் 0.065 என்பது ஏறத்தாழ 86.3 பாகைக் கோணத்தின் கோசைன். ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர் என்று பெருக்கினால் சுமார் 9,590 கிலோமீட்டர் வரும். பூமி முழுக்கோளம் அல்ல என்பதால் சிறு வேறுபாடு இருக்கும். பயணிக்கு அது பொருட்டல்ல.

தொலைவு இவ்வளவு எளிதாகக் கிடைத்தாலும், நேரம் அப்படிக் கிடைப்பதில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்தால் 10 மணி 40 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும் மேலேறவும் இறங்கவும் அரை மணிக்கு மேல் சேர்க்க வேண்டும். வடகோளத்தின் நடு அட்சரேகைகளில் உயரத்தில் வீசும் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே செல்வதால், டோக்கியோ நோக்கிய பயணத்துக்கு அது துணை, திரும்பும் பயணத்துக்குத் தடை. குளிர்காலத்தில் இதன் வலிமை கூடும்.

எல்லாவற்றையும் விட வான்வெளி அனுமதியே கணக்கைப் பெரிதும் மாற்றுகிறது. 2022 தொடக்கம் வரை ஏறத்தாழ 12 மணி நேரமாக இருந்த பயணம், ரஷ்ய வான்வெளியைப் பிரிட்டிஷ், ஜப்பானிய விமானங்கள் பயன்படுத்த முடியாமல் போனபின் சுமார் 14 மணி நேரமாகிவிட்டது. சூத்திரம் தரும் பெருவட்டத் தொலைவோ ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. லண்டனிலிருந்து செல்பவை துருக்கி, மத்திய ஆசியா, சீனா வழியாகச் சுற்றுகின்றன. டோக்கியோவிலிருந்து புறப்படுபவற்றில் சில, காற்றின் துணையை நாடிப் பசிபிக்கின் மேல் கிழக்கே பறந்து, அலாஸ்கா, கிரீன்லாந்தைக் கடந்து ஐரோப்பாவை அடைகின்றன. இது முற்றிலும் புதிதல்ல. சோவியத் வான்வெளி மூடிக் கிடந்த காலத்திலும் ஐரோப்பா–ஜப்பான் விமானங்கள் பல, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பியே சென்றன. ஆகவே சூத்திரத்தில் வந்த நேரத்தை நடப்பு கால அட்டவணையோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்.

பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். குளிர்காலத்தில் லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 9 மணிக்கு டோக்கியோ சேர்வதாக இருந்தால், 23 மணி நேரத்திலிருந்து நேர வேறுபாடான 9-ஐக் கழித்து 14 மணி நேரம் என்று கொள்ள வேண்டும். பிரிட்டனில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவதாலும், ஜப்பானில் அவ்வழக்கம் இல்லாததாலும், அப்போது கழிக்க வேண்டியது 8 மட்டுமே.