பழைய எம்ஜிபி காரின் குரோமும் உட்புறமும்

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்னும் ஸ்போர்ட்ஸ் காரில், 1974-இன் பிற்பகுதி வரை வந்தவற்றுக்குக் குரோம் பம்பரும், அதன்பின் வந்தவற்றுக்குக் கறுப்பு ரப்பர் பம்பரும் உண்டு. குரோமில் தெரியும் சிறு துருப்புள்ளிகளை, சோப்பு நீரில் கழுவிய பின், நனைத்துக் கசக்கிய அலுமினியத் தாளால் மெதுவாகத் தேய்த்து அகற்றி, ஈரம் போகத் துடைத்து மெழுகு பூச வேண்டும். உப்புத்தாள் கூடவே கூடாது. முலாம் உரிந்திருந்தால் மறுமுலாம்தான் வழி. வெளுத்த ரப்பர் பம்பருக்கு டிரிம் பாலிஷ் (வெளிப்புற ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கான பாலிஷ்) போதும்.

உட்புறத்தில், புதிய கார்பெட்டை உடனே விரித்துவிடும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. இருக்கைகளைக் கழற்றி, பழைய கார்பெட்டையும் ஈரம் ஊறிய அடிவிரிப்பையும் எடுத்துவிட்டு, தரைத்தகட்டை, குறிப்பாகக் கதவுக்குக் கீழுள்ள சட்டத்தோடு அது சேரும் ஓரங்களை, ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் முதலில் வெல்டிங், அடுத்து துருத்தடுப்புப் பெயின்ட், அதற்குப் பிறகே கார்பெட். இருக்கை உறையை மட்டும் மாற்றி, நொறுங்கிப்போன ஸ்பாஞ்சை அப்படியே விட்டால், விலையுயர்ந்த தோலும் சில மாதங்களில் சுருங்கித் தொய்ந்துவிடும்.

புதிய ஸ்டீரியோ பொருத்த விரும்புவோர், 1967 வரையிலான முதல் வகைக் கார்களில் பாட்டரியின் நேர்முனையே எர்த் ஆக, அதாவது காரின் உடலோடு, இணைக்கப்பட்டிருக்கும் என்பதை ஒயரைத் தொடுமுன் கவனிக்க வேண்டும்; இன்றைய ஸ்டீரியோக்கள் பொதுவாக எதிர்முனை எர்த் ஆன கார்களுக்கானவை.