கண்ணாடிப் பயிற்சி: நாடக வகுப்பைத் தொடங்க ஒரு வழி

உயர்நிலைப் பள்ளி நாடக வகுப்பில் வசனத்தாளைக் கையில் கொடுப்பதற்கு முன், மாணவர்களை இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்திப் பத்து நிமிடம் கண்ணாடிப் பயிற்சி செய்ய வைக்கலாம். ஒருவர் தலைவாருவது, சட்டைப் பொத்தான் போடுவது போன்ற அன்றாடச் செயல்களை மிக மெதுவாகச் செய்ய, மற்றவர் அவருடைய பிம்பமாக நின்று அதே கணத்தில் அவற்றைச் செய்ய வேண்டும். அவர் வலக்கையை உயர்த்தினால் பிம்பம் இடக்கையை உயர்த்த வேண்டும் என்பதில்தான் பலரும் முதலில் தடுமாறுவார்கள். சிரிப்பு எழும், எழட்டும். கையை மட்டும் பார்த்துப் பின்தொடர்ந்தால் அசைவு பிந்திவிடும் என்பதால், பார்வை எதிரில் நிற்பவரின் கண்களில் நிலைத்திருக்க வேண்டும். எதிராளியைத் திணறடிக்க வேகமெடுப்பவர் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு யார் பிம்பம் என்றே தெரியக்கூடாது என்பதை அவருக்கு நினைவூட்டினால் போதும்.

ஒரு நிமிடம் கழித்து ஆசிரியர் கைதட்டியதும், செயல் நிற்காமலேயே தலைமை மாற வேண்டும். கைதட்டும் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் தலைவர் எவருமின்றி இருவரும் ஒருவரையொருவர் பின்தொடரச் செய்யலாம். சிகாகோவில் நாடக விளையாட்டுகளை உருவாக்கிய வயோலா ஸ்போலின் வலியுறுத்திய இந்தக் கடைசிக் கட்டமே பயிற்சியின் உயிர் என்பது என் கருத்து. நேரம் குறைவாக இருந்தால் முந்தைய கட்டங்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.