மூடுபனிப் படம் ஒன்றை மொட்டைமாடியில் காட்டுவது எப்படி?

1951இல் வெளிவந்த ‘தி மேன் ஃப்ரம் பிளானட் எக்ஸ்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பகல் நேரத்தில், சன்னல் திறந்திருக்கும் கூடத்தில், தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தால், வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சிரித்துவிடுவார். வேற்றுக்கிரகவாசியின் முகம் அசையாத முகமூடி என்பதும், விண்கலம் பட்டறையில் செய்த பொம்மை என்பதும் அந்த வெளிச்சத்தில் மறைக்க முடியாத உண்மைகள். அதே படத்தை நல்ல இருட்டில், சுவரளவுக்குப் பெரிதாகப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு எழுவதில்லை. இயக்குநர் எட்கர் ஜி. உல்மர் இதை ஆறே நாட்களில் எடுத்து முடித்தார். 1948இல் வெளியான ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்துக்காகப் போடப்பட்டு எஞ்சியிருந்த அரங்குகளையே ஸ்காட்லாந்துத் தீவாக மாற்றி, காசில்லாமல் விடுபட்ட இடங்களை எல்லாம் செயற்கை மூடுபனியாலும் நிழலாலும் மூடினார். ஆகவே திரையில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இந்தப் படத்தைக் காட்டுபவரின் முதல் வேலை. மற்றவை அதற்குப் பின்.

நாள் குறிப்பதிலிருந்து தொடங்குங்கள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையை நம்பி மாடியில் மின்கம்பி இழுக்க முடியாது. மார்கழியிலும் தையிலும் பனி இறங்கித் துணியை நனைக்கும். மாசி மாதம் தோதானது. அதிலும் தேய்பிறை அஷ்டமி கழிந்து அமாவாசைக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால், நிலவு நள்ளிரவுக்குப் பிறகே எழும் என்பதால் வானம் உங்கள் பக்கம் இருக்கும். பிப்ரவரி நடுவில் சூரியன் மாலை ஆறேகால் மணி அளவில் மறைகிறது. ஏழரைக்குத் தொடங்கினால் இருட்டு முழுமையாக இருக்கும். படம் சுமார் 70 நிமிடம்தான் ஓடும் என்பதால் எல்லாரும் ஒன்பது மணிக்குள் சாப்பிடப் போய்விடலாம். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்காது.

அடுத்தது திரை. நான் முதல்முறை திருவான்மியூரில் காட்டியபோது, தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் இடையே இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். கடற்காற்று அதைப் பாய்மரம்போல் உப்ப வைத்ததில் வேற்றுக்கிரகவாசியின் தலை பெருத்தும் சுருங்கியும் ஆட, பக்கத்து வீட்டுச் சிறுமி, “அது மூச்சு விடுதா?” என்று கேட்டாள். மாலைக் காற்று கிழக்கிலிருந்து வருவதால், மாடிப்படி ஏறி வரும் அறையின் மேற்குப் பக்கச் சுவரில் துணியை ஒட்டினாற்போல் இழுத்து அடிப்பதே சரி. காற்றைச் சுவர் தாங்கிக்கொள்ளும். சுவர் சமமாகப் பூசப்பட்டிருந்தால் துணியும் வேண்டாம், பளபளப்பில்லாத வெள்ளைச் சுண்ணாம்பே போதும். முந்தின நாள் இரவே செய்தித்தாள் ஒன்றை அந்தச் சுவரருகே விரித்துப் பாருங்கள். தலைப்புச் செய்தியைப் படிக்க முடிந்தால் தெருவிளக்கின் வெளிச்சம் அங்கே அதிகம் என்று பொருள். கைப்பிடிச் சுவரின்மேல் இரண்டு பாய்களை நிறுத்தி அதை மறைக்க வேண்டும்.

ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பாமல், ‘ஆன்சி லூமன்’ (கருவியின் வெளிச்சத்தை முறைப்படி அளந்து சொல்லும் எண்) எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 300 முதல் 500 வரை இருந்தால் இருட்டான மாடிக்குப் போதும். இன்றைய கருவிகளின் படம் 16:9 அளவில் விழும். இந்தப் படமோ ஏறத்தாழ 4:3. எனவே நாலரை அடி உயரத்துக்குப் படத்தை வைத்தால் ஒளி எட்டு அடி அகலத்துக்கு விழும், படம் நடுவில் ஆறு அடியை மட்டும் நிரப்பும். மிச்சமிருக்கும் இரு பக்கத்து ஓரடிப் பட்டைகள் கறுப்பாக இருக்க வேண்டியவை, ஆனால் சாம்பல் நிறத்தில் மினுங்கும். அவற்றின்மேல் கறுப்புத் துணி தொங்கவிட்டு மறைத்துவிடுங்கள். இந்த ஒரு காரியத்தாலேயே படத்தின் கறுப்பு இரண்டு மடங்கு கூடியதுபோல் தோன்றும்.

பிறகு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். படத்தின் முதல் பாதியில், கதையில் வரும் பேராசிரியரின் மகள் விண்கலத்தின் கண்ணாடிச் சாளரத்துக்குள் எட்டிப்பார்க்க, உள்ளிருந்து அந்த முகம் தெரியும் காட்சி வரும். அங்கே படத்தை நிறுத்திவைத்து, சாளரத்தைச் சுற்றியுள்ள இடம் முழுக் கறுப்பாகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள்; முகத்தின் கன்னக்குழி மறையத் தொடங்கினால் ஒரு படி மேலே வாருங்கள். பல கருவிகள் ‘டைனமிக்’ என்ற அமைப்பில் கண்ணைக் கூசும்படிதான் வருகின்றன. அதைத் தயங்காமல் அணைத்துவிடலாம்.

வீட்டுப் பெரியவர்களும் பார்ப்பார்கள் என்றால் தமிழ்த் துணைவரிகளை நீங்களே எழுத வேண்டியிருக்கும், அதிக நேரம் பிடிக்கும் வேலையும் இதுவே. தமிழ் எழுத்து சிதையாமலிருக்க, துணைவரிக் கோப்பை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமியுங்கள். மலிவான ப்ரொஜெக்டர்களின் உள்ளேயே இருக்கும் இயக்கி ‘கொ’ என்பதைக் கொம்பு தனி, ககரம் தனி, கால் தனி என்று பிரித்துப் போடக்கூடும். ஆகவே மடிக்கணினியில் விஎல்சி என்ற படம் ஓட்டும் செயலியில் ஓட்டி, எச்டிஎம்ஐ கம்பிவழி அனுப்புங்கள். எழுத்தை வெள்ளையில் வைக்காமல் மங்கிய சாம்பலில் வையுங்கள், இல்லாவிட்டால் பாடுபட்டுச் சேர்த்த இருட்டை அந்த ஒரு வரியே கெடுத்துவிடும். ஒரு தடவையில் இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம்.

விண்கலத்தில் வந்திறங்கியவனை எப்படிக் குறிப்பது என்பது இதில் உண்மையான சிக்கல். தமிழில் ‘அது’ என்றால் விலங்கு அல்லது பொருள், ‘அவன்’ என்றால் ஆள். கதையின் வில்லனான விஞ்ஞானி டாக்டர் மியர்ஸ், விண்கலம் செய்யப்பட்ட உலோகத்தின் சூத்திரத்துக்கு ஆசைப்பட்டு, அந்த ஆளின் மூச்சுக் கருவியின் வாயுவை அடைத்துத் துன்புறுத்துகிறான். அந்த இடம்வரை எல்லார் வாயிலும் ‘அது’ என்றே எழுதிவிட்டு, அதற்குப் பிறகு பத்திரிகையாளன் லாரன்ஸின் பேச்சில் மட்டும் ‘அவன்’ என்று மாற்றினேன். என் அம்மா அதைக் கவனித்துவிட்டு, “இப்பதான் மனுஷனா தெரியுதா இவனுக்கு?” என்றார்கள். மியர்ஸ் கடைசிவரை ‘அது’ என்றே சொல்லட்டும்.

ஒலிக்குப் புளூடூத் வேண்டாம். உதட்டசைவுக்குப் பின்னால் சொல் வந்து சேரும். ஒற்றைத் தட ஒலி என்பதால் ஒரே ஒரு பெட்டியைக் கம்பிவழி இணைத்துத் திரைக்கு நேர் கீழே வைத்தால் போதும். தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தை மட்டும் காவலாளியிடம் முன்பே பேசிவையுங்கள்.

தொடங்கும் முன் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வேற்றுக்கிரகம் என்றதும் பெரியவர்கள் 1963இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யைத்தான் நினைப்பார்கள், அதில் வருபவர்கள் கலை கற்றுக்கொள்ள பானுமதியைத் தூக்கிச் செல்கிறார்கள், இதில் பாட்டே கிடையாது என்று சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. கைப்பேசிகளைக் கவிழ்த்துவைக்கச் சொல்லுங்கள். கொசுவத்தியைக் கருவிக்கும் திரைக்கும் நடுவில் மட்டும் வைக்காதீர்கள். உல்மர் விட்ட புகையே போதுமான அளவு இருக்கிறது. படம் முடிந்ததும் விளக்கைப் போடலாம், ஆனால் ப்ரொஜெக்டரின் மின்விசிறி தானாக நிற்கும்வரை மின்செருகியைப் பிடுங்காதீர்கள்.