பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலில் கோட்டைவிடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்குமா, குரோம்பேட்டை எம்ஐடி கிடைக்குமா என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். மதிப்பெண் விஷயத்தில் இனி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தைத் தவறவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். பெரும்பாலும் சாய்ஸ் ஃபில்லிங்கை, அதாவது ஒரு வரிக்கு ஒரு கல்லூரி, ஒரு பாடப்பிரிவு என்று ஆன்லைனில் விருப்பப் பட்டியல் போடுவதை, பயத்தோடு செய்ததுதான் காரணமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 91 எடுத்தவருக்கு 96, 44, 45.5 சேர்த்து 185.5. இதை வைத்துத் தரவரிசை வரும். ஒரே கட்-ஆஃப் வாங்கியவர்களில் கணிதத்தில் அதிகம் எடுத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் சமமானால் இயற்பியல் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள்.

அப்புறம் இடங்களை ஒதுக்கக் கணினி செய்யும் வேலை மிக எளிமையானது. தரவரிசையில் முதலில் இருப்பவரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். எந்த வரியில் இடம் காலியாக இருக்கிறதோ, அதைக் கொடுத்துவிட்டு அடுத்த மாணவருக்குப் போய்விடும். உங்கள் முறை வரும்போதும் இதேதான் நடக்கும். நீங்கள் ஒரு கல்லூரியை முதல் வரியில் போட்டீர்களா, நாற்பதாவது வரியில் போட்டீர்களா என்பதால் அங்கே உங்கள் வாய்ப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இது புரியாததால்தான் பெரிய தவறு நடக்கிறது. 'கிண்டியெல்லாம் நமக்கு வராது, முதல் சாய்ஸை வீணாக்காதே' என்று யாராவது சொல்வார்கள். வீணாக எதுவும் போகாது. அந்த வரியில் இடம் இல்லையென்றால் கணினி அடுத்த வரிக்கு வரும், அவ்வளவுதான். 'நிச்சயம் கிடைக்கும்' என்று நினைக்கும் கல்லூரியை மேலே போடுவதில்தான் ஆபத்து. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரி முதல் வரியிலும், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடி இரண்டாவது வரியிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் இடம் இருந்தால் கணினி அங்கேயே நின்றுவிடும். ஜிசிடியில் இடம் காலியாக இருந்தாலும் இரண்டாவது வரியை அது படிக்கவே படிக்காது. உங்களைவிடக் குறைந்த கட்-ஆஃப் வாங்கியவர் அந்த இடத்தில் போய் உட்காருவார்.

அதனால் பட்டியலை ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி போதும்: இந்த வரியும் அடுத்த வரியும் ஒரே நேரத்தில் கையில் கிடைத்தால் எதில் சேர்வேன்? அதுதான் மேலே இருக்க வேண்டும். ஆசை வரிசை என்பதற்காகப் பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிடவும் கூடாது. இத்தனைதான் போடலாம் என்று வரம்பு இல்லை. மேலே கனவுக் கல்லூரிகள், நடுவில் வாய்ப்புள்ளவை, கீழே கட்டாயம் கிடைக்கக்கூடியவை என்று நீளமாகப் போகட்டும். எந்த நிலையிலும் சேர மாட்டீர்கள் என்ற கல்லூரியை மட்டும் சேர்க்காதீர்கள். அது கிடைத்தால் தலைவலி.

வாய்ப்பை மதிப்பிடும்போது போன வருடக் கட்-ஆஃபை அப்படியே பிடித்துக்கொள்வது இன்னொரு தவறு. கணிதத் தாள் எளிதாக வந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறும். கடினமாக வந்தால் இறங்கும். போன ஆண்டு 190-க்குக் கிடைத்த இடம் இந்த ஆண்டு 190-க்குக் கிடைக்காமல் போகலாம். எந்தத் தரவரிசை எண் வரை அந்த இடம் போனது என்று பார்த்தால் ஓரளவு சரியான கணிப்பு வரும். அதையும் உங்கள் சமூகப் பிரிவுக்கு உரிய வரிசையில் பாருங்கள். பிசி, எம்பிசி, எஸ்சி மாணவர்கள் பொதுப் பிரிவு இடங்களுக்கும் தகுதியானவர்கள்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து வரியைச் சேர்ப்பதும் வம்பு. ஒரே மாதிரிப் பெயரில், ஒரே சாமி பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிக்கு ஒரு எண், பாடப்பிரிவுக்கு ஒரு குறியீடு. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கிண்டிக்கு எண் 1, எம்ஐடிக்கு 4. கிண்டியில் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழ்வழியிலும் 2010 முதல் இருக்கின்றன. ஆங்கிலவழிக்கு ஒரு வரி, தமிழ்வழிக்கு ஒரு வரி என்று தனித்தனியாக வரும். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் உதவிபெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் இருக்கலாம். வகுப்பறை பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் கட்டணம் வேறு. இதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ளும் பெற்றோர் உண்டு.

ஒதுக்கீடு வந்த பிறகும் வேலை முடியவில்லை. தற்காலிக ஒதுக்கீட்டைக் குறித்த நாட்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' என்றால் இதுவே போதும் என்று அர்த்தம். 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' என்றால் இது கையில் இருக்கட்டும், மேலே காலியானால் கொடுங்கள் என்று அர்த்தம். இந்த 'மேலே' என்பது உங்கள் பட்டியலில் கிடைத்த வரிக்கு மேலே உள்ளவை மட்டும். கீழே போட்ட கல்லூரி இப்போது பிடித்திருக்கிறது என்றால் அதற்கு மாற முடியாது. மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் வரிசையை அவ்வளவு யோசித்துப் போடச் சொல்கிறேன். 'டிக்ளைன்' (வேண்டாம்) என்று தொடங்கும் எதையும் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்காமல் அழுத்த வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்தில் தாமதம்தான் பெரும்பாலானோரின் பிரச்சினை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று கை மாறி வர நாளாகும். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஐஐடி, என்ஐடிகளுக்கான ஜேஇஇ தேர்வுக்காக வாங்கிய ஓபிசி சான்றிதழ் இங்கே சமூகச் சான்றிதழுக்கு ஈடாகாது. 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. தகுதி இருந்தும் படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விடுவதைப்போல வயிறெரியும் விஷயம் வேறில்லை.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் கறாராகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும், பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கும். விருப்பப் பட்டியலை லாக் செய்ய வேண்டிய கடைசி நாளில் கடை பூட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? எண் உங்கள் வீட்டில் இருக்கும் போனுடையதாக இருக்கட்டும். இல்லையென்றால், இதற்காகவே நடத்தப்படும் கலந்தாய்வு சேவை மையத்துக்குப் போங்கள். விண்ணப்பிப்பதற்கும் சந்தேகம் கேட்பதற்கும் அங்கே ஆள் இருப்பார்கள்.

கலந்தாய்வு தொடங்கும் முன்பே முன்பணம் கட்டச் சொல்லி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இருந்து போன் வரும். கட்டுவதும் கட்டாததும் உங்கள் முடிவு. ஆனால் மதிப்பெண் சான்றிதழையும் டிசியையும் அசலாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்க்க வேண்டுமென்றால் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.